நீங்கள் செய்தீர்களா, செய்ய வைத்தீர்களா?

பிரிண்டர் பழுதாகிறது. சர்வீஸ் சென்டரில் கொடுத்து சரி செய்து வாங்குகிறீர்கள். மீண்டும் பழுது. வாரண்டி இருக்கிறதே என்று நிறுவனத்திற்கு இமெயில் அனுப்புகிறீர்கள். அதில் "ஐ ரிப்பேர்ட் மை பிரிண்டர்" என்று எழுதினால், நீங்களே ஸ்குரூ டிரைவரால் கழற்றி சரி செய்ததாகப் பொருள். இதைக் காட்டியே வாரண்டியை மறுக்கலாம்.

பிறரைக் கொண்டு ஒரு வேலையைச் செய்து வாங்கியதை ஆங்கிலத்தில் இப்படி எழுத வேண்டும்.

1. "ஐ ஹேட் மை பிரிண்டர் ரிப்பேர்ட்." முதலில் ஹேட், அடுத்து பொருள், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். பேச்சில் ஹேட்டுக்குப் பதில் காட் என்றும் சொல்லலாம்.

2. செய்தவரையும் குறிப்பிட: "ஐ ஹேட் தி இன்ஜினியர் ரிப்பேர் இட்." இங்கு வினை முதல் வடிவில் வரும். காட் போட்டால் 'டு' சேர்க்க வேண்டும்: "ஐ காட் தி இன்ஜினியர் டு ரிப்பேர் இட்."

சொற்களின் வரிசையில் கவனம் தேவை. "ஐ ஹேட் ரிப்பேர்ட் மை பிரிண்டர்" என்று மாற்றிவிட்டால், 'நானே ஏற்கெனவே சரி செய்திருந்தேன்' என்றாகிவிடும்!

வேர்டின் ஸ்பெல் செக் இதில் உதவாது. எழுத்துப் பிழை எதுவும் இல்லையே, சிவப்புக் கோடு எப்படி வரும்? எனவே செண்ட் பட்டனை அழுத்தும் முன் வேலையைச் செய்தது யார் என்று நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பயிற்சி: 'கடையில் கொடுத்து விண்டோஸ் இன்ஸ்டால் செய்து வாங்கினேன்' என்பதை ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

விடை: "ஐ ஹேட் விண்டோஸ் இன்ஸ்டால்டு அட் தி ஷாப்."