மண்ணிற் கிடைத்த மருந்து

நாம் காலால் மிதித்துச் செல்லும் மண்ணில், ஒரு சிட்டிகையளவினுள்ளும் கோடிக்கணக்கான நுண்கிருமிகள் வாழ்கின்றன. அவை இடத்திற்கும் இரைக்கும் தம்முட் போராடுங்கால் நஞ்சுகளைச் சுரக்கின்றன. அந்நஞ்சுகளுட் சிலவே நமக்கு மருந்தாயின. 1943-ஆம் வருஷத்திற் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசின் இதற்குச் சான்றாகும்.

ஆயினும் கிருமிகள் வாளாவிருந்தில. பெனிசிலினைக் கண்ட அலெக்ஸாண்டர் பிளெமிங், 1945-ல் நிகழ்த்திய நோபெல் பரிசுரையில், அம்மருந்தைக் குறைவாக உண்போர் கிருமிகளைக் கொல்லாது பழக்கிவிடுவர் என எச்சரித்தார். அவ்வாறே நிகழ்ந்தது. மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டபிலோகாக்கஸ் 1961-ல் இங்கிலாந்தில் வெளிப்பட்டது.

புது மருந்து தேடுவார்க்கு ஓர் இடையூறு உண்டு. மண்வாழ் கிருமிகளில் நூற்றுக்கு ஒன்றே சோதனைச்சாலைத் தட்டில் வளரும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து நார்த்ஈஸ்டர்ன் சர்வகலாசாலையார் இதற்கோர் உபாயம் கண்டனர். சிறு துளைகள் நிறைந்த தகட்டில், துளைக்கு ஒரு கிருமியாக இட்டு, இருபுறமும் மெல்லிய சவ்வால் மூடி, மண்ணிலேயே புதைத்தனர். இவ்வாறு மெயின் மாகாணத்து மண்ணினின்றும் பெற்ற கிருமியொன்று சுரந்த மருந்தே டெய்க்ஸோபாக்டின். பேராசிரியர் கிம் லூயிஸ் குழுவினர் இதனை 2015-ல் வெளியிட்டனர்.

இது தொழிற்படும் விதம் யாதெனில், கிருமி தன்னைச் சுற்றி ஒரு மதில் எழுப்புகின்றது. அம்மதிலுக்கு வேண்டிய செங்கல்லை உள்ளிருந்து வெளியே சுமந்து வருவது, லிப்பிட் இரண்டு எனப்படும் கொழுப்புப் பொருள். வான்கோமைசின் என்னும் பழைய மருந்தும் அதனையே பற்றும். ஆனால் அது பற்றும் வாற்பகுதியைச் சில கிருமிகள் மாற்றிக்கொண்டன. டெய்க்ஸோபாக்டினோ மாற்றுதற்கரிய பகுதியைப் பற்றுகின்றது. செங்கல்லின்றி மதில் குலைய, கிருமி மடிகின்றது. அன்றியும், அம்மருந்து கிருமியின் சவ்வின்மீது இழை இழையாய்ப் பின்னி அதனைச் சிதைப்பதையும் 2022-ல் வெளியான ஆராய்ச்சி விளக்கிற்று. நம் உடலணுக்களுக்கு அத்தகைய மதிலின்மையால், அவை தப்புகின்றன. மருந்துக்கு அடங்காத ஸ்டபிலோகாக்கஸால் நோயுற்ற எலிகளை அது காத்தது.

எனினும் இது சர்வரோக நிவாரணியன்று. ஈ. கோலி போன்ற கிருமிகள் மதிலுக்கு வெளியே மற்றோர் உறையும் உடையன. அதனுள் இம்மருந்து எளிதிற் புகாது. எலிக்கு உதவியது மனிதர்க்கு மருந்தாதற்குச் சோதனைகள் பல கடத்தல் வேண்டும்.

ஆதலின், உள்ள மருந்துகளைப் பேணுதல் நம் கடன். வைத்தியர் விதியாத மருந்தை உண்ணாமலும், விதித்ததை இடையில் நிறுத்தாமலும் இருப்போமாக. நாம் செய்யும் பிழை நம்மோடு ஒழிவதன்று. நாம் பழக்கிவிட்ட கிருமி அயலான் வீட்டுக் குழந்தையையும் பற்றும்.