ஏணியில் எத்தனையாவது படி?

ஆண்டுதோறும் மார்ச் 20ஆம் தேதியை ஒட்டி உலக மகிழ்ச்சி அறிக்கை வெளியாகிறது. மறுநாள் செய்தித்தாளில் பின்லாந்து முதலிடம் என்றும் இந்தியா இத்தனையாவது இடம் என்றும் ஒரு பெட்டிச் செய்தி வரும். 2024இல் 143 நாடுகளில் நாம் 126ஆவது. 2025இல் 147 நாடுகளில் 118ஆவது. இரண்டு முறையும் பாகிஸ்தான் நமக்கு மேலே இருந்தது. காக்கநாட்டில் எங்கள் குடியிருப்பில் மாலை நடைக்கு வருபவர்கள் இதை வைத்து இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "ஆயிரம் பேரைக் கேட்டு நூற்று நாற்பது கோடிப் பேரின் மனதைச் சொல்ல முடியுமா? எல்லாம் பொய்" என்பது ஒரு கட்சி. "அச்சில் வந்துவிட்டது, பிறகென்ன?" என்பது மற்றொன்று. பள்ளியில் பல ஆண்டுகள் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில், எந்தக் கட்சியிலும் சேராமல் சில விவரங்களை நம் இதழ் வாசகர்கள் முன் வைக்கிறேன்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீடுகளில் சொல்வது சரியான புள்ளியியல்தான். நால்வருக்கு வடித்த பானையானாலும் கல்யாண வீட்டு அண்டாவானாலும் பதம் பார்க்க ஒரு கரண்டி போதும். அண்டா பெரிது என்பதற்காகக் கரண்டியைப் பெரிதாக்க வேண்டியதில்லை. கேரளத்தில் ஆயிரம் பேரைக் கேட்டாலும் இந்தியா முழுவதும் ஆயிரம் பேரைக் கேட்டாலும் கிடைக்கும் துல்லியம் ஏறக்குறைய ஒன்றே. கேட்கப்பட்டவர்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு, ஒன்றை அதனால் வகுத்தால் பிழை எல்லை தோராயமாகக் கிடைக்கும். 100 பேர் என்றால் நூற்றுக்குப் பத்து முன்பின். 400 பேர் என்றால் ஐந்து. 1,000 பேர் என்றால் மூன்று. பிழையைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு பேரைக் கேட்க வேண்டும்.

ஆகவே முதல் கட்சியின் வாதம் நிற்காது. உலக அறிக்கைக்கான கேள்விகளைக் கேட்பது கேலப் நிறுவனம். ஒரு நாட்டில் ஆண்டுக்குப் பொதுவாக ஆயிரம் பேர் அளவில் கேட்டு, மூன்று ஆண்டுகளின் சராசரியைப் போடுகிறார்கள். எண்ணிக்கையில் குறை சொல்ல அதிகம் இல்லை.

ஆனால் மதிப்பெண் வேறு, தரவரிசை வேறு. பட்டியலின் நடுப்பகுதியில் ஒரு நாட்டுக்கும் அடுத்த நாட்டுக்கும் உள்ள வேறுபாடு பல இடங்களில் ஒரு படியில் நூற்றில் சில பங்குதான். பிழை எல்லை அதைவிடப் பெரிது. அறிக்கையிலேயே ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் இந்த எல்லையைச் சிறு கோடாகப் போட்டுக் காட்டுகிறார்கள். செய்தித்தாளில் இடமில்லாததால் கோடு போய்விடும், இலக்கம் மட்டும் தங்கிவிடும். 126 எப்படி 118 ஆயிற்று என்று தலையங்கம் எழுதுகிறவர்கள் அந்தக் கோட்டை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதலாம்.

நம் மாநிலங்களுக்கும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. குருகிராமில் உள்ள மேலாண்மைக் கல்வி நிறுவனப் பேராசிரியர் ராஜேஷ் பில்லானியா 2020இல் வெளியிட்ட அறிக்கையில் மிசோரம், பஞ்சாப், அந்தமான் நிக்கோபார் ஆகியவை முதல் மூன்று இடங்களைப் பெற்றன. மாநிலங்களும் ஒன்றியப் பகுதிகளுமாக 36. கேட்கப்பட்டவர்கள் 16,950 பேர். வகுத்துப் பார்த்தால் சராசரியாக ஓர் இடத்துக்கு 470 பேர். நம் வாய்பாட்டின்படி பிழை நூற்றுக்கு நாலரையைத் தாண்டும். முதல் சில இடங்களுக்கும் கடைசி சில இடங்களுக்கும் ஏதேனும் பொருள் இருக்கக்கூடும். நடுவில் இருப்பவர்களை வரிசையில் நிறுத்தி ஒருவரையொருவர் கேலி செய்துகொள்ள அதில் இடமில்லை. மேலும் அந்த ஆய்வு நடந்தது மார்ச் முதல் ஜூலை வரை, ஊரடங்குக் காலத்தில். வீட்டுக்குள் அடைபட்டிருந்தவரின் பதில் அவர் வாழ்க்கையைப் பற்றியதா, அந்த மாதத்தைப் பற்றியதா?

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: பானையைக் கிளறிவிட்டுக் கரண்டி போட்டார்களா? அடியில் பிடித்தது அடியிலேயே இருக்க, மேலாக எடுத்த சோறு எப்படிப் பதம் சொல்லும்? கேலப் நிறுவனம் இந்தியாவில் வடகிழக்கு மாநிலங்களையும் தொலைவிலுள்ள தீவுகளையும் விட்டுவிட்டு மாதிரி எடுத்ததாக, அதன் பல ஆண்டுக் குறிப்புகளிலேயே காணலாம். மாநிலப் பட்டியலில் முதலிடம் பெற்ற மிசோரமும் மூன்றாமிடம் பெற்ற அந்தமானும் உலகப் பட்டியலின் இந்தியாவில் அந்த ஆண்டுகளில் சேரவே இல்லை!

இதை மாணவர்களுக்குப் புரியவைக்க, நம் சங்கத்தின் பிளஸ் டூ பிள்ளைகள் இருவரிடம் அந்த ஏணிக் கேள்வியைக் கொடுத்து அனுப்பினேன். ஒருவன் காக்கநாட்டில் இன்ஃபோபார்க் பக்கத்து ஃப்ளாட்டுகளுக்குப் போனான். பாதி இடங்களில் காவலாளியே உள்ளே விடவில்லை. விட்ட இடங்களில் பகல் பதினொரு மணிக்குக் கதவைத் திறந்தவர்கள் என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்கள். மற்றவன் வாத்துருத்திக்குப் போனான். தமிழ்நாட்டிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள் நெருக்கியடித்து வாழும் பகுதி என்று கொச்சித் தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே அந்த நேரத்தில் அறைகள் பூட்டிக் கிடந்தன. ஆண்கள் விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். ஒரே பகல், ஒரே கேள்வி. ஓரிடத்தில் கிடைத்தவர்கள் ஒரு தினுசு, மற்றோரிடத்தில் ஆளே இல்லை. இந்தப் பிள்ளைகளைப் போல ஒரு நிறுவனமும் ஒரு தடவையோடு திரும்பி வந்துவிட்டால், அதன் 'எர்ணாகுளம் மாவட்டம்' பகலில் வீட்டிலிருப்பவர்களின் மாவட்டமாகிவிடும். பூட்டிய கதவுக்கு மாலையில் ஒருமுறை, ஞாயிறு ஒருமுறை என்று திரும்பப் போக வேண்டும். அதற்குப் பணம் செலவாகும். ஓர் ஆய்வறிக்கையில் நான் முதலில் தேடுவது, எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதை அல்ல, எத்தனை கதவுகள் திறக்கவில்லை என்பதைத்தான்.

வாத்துருத்தியில் அன்று வேலையில்லாமல் அறையில் இருந்த தென்காசிப் பக்கத்துப் பெயிண்டர் ஒருவர் மட்டும் கிடைத்தார். கேள்வி இதுதான்: அடியில் பூஜ்யம், உச்சியில் பத்து என்று ஓர் ஏணி, உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை உச்சிப் படி, இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? அமெரிக்க உளவியலாளர் ஹேட்லி கான்ட்ரில் 1965இல் வெளியிட்ட நூலின் வழியாகப் பரவிய முறை இது. மகிழ்ச்சி என்ற சொல் கேள்வியில் வருவதே இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்தப் பெயிண்டர் சொன்ன பதில்: "தம்பி, உச்சிப் படியில எவனும் நிக்க மாட்டான், ரெண்டு படி கீழ நின்னாத்தான் பிடிமானம். எட்டுன்னு போட்டுக்கோ." அந்த எட்டு வாழ்க்கைக்கா, ஏணிக்கா என்று பையன் என்னிடம் கேட்டான். நல்ல கேள்வி.

இதே சிக்கலை அமர்த்தியா சென் 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கேரளத்தை வைத்தே எடுத்துக்காட்டினார். நீண்ட ஆயுளில் முன்னிற்கும் கேரள மக்கள்தான் தமக்கு நோய் இருப்பதாக மிக அதிகம் சொல்கிறார்கள். ஆயுள் குறைந்த பீகாரில் மிகக் குறைவாகச் சொல்கிறார்கள். படிப்பும் மருத்துவமனையும் உள்ள இடத்தில் எது நோய் என்று தெரிகிறது, அதனால் சொல்கிறார்கள். மாதிரியை எவ்வளவு நன்றாக எடுத்தாலும் இந்த வேறுபாடு போகாது. ஏணியில் கேரளம் குறைவாகச் சொன்னால் அது துயரமா, எதிர்பார்ப்பா என்று எண் மட்டும் சொல்லாது.

அப்படியானால் எதை நம்புவது? கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உருவாக்கிய மகலனோபிஸ் வங்காளத்துச் சணல் பயிர்க் கணக்கெடுப்புகளிலேயே ஒரு வழி கண்டிருந்தார். ஒரே பகுதியில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மாதிரிகளை எடுத்து, இரண்டு குழுக்களிடம் தனித்தனியே கொடுப்பார். இரண்டும் ஒத்துவந்தால் ஓரளவு நம்பலாம். முரண்பட்டால் களத்தில் ஏதோ கோளாறு. மகிழ்ச்சிப் பட்டியல் போடுகிறவர்கள் இரண்டு குழுக்களின் முடிவையும் அருகருகே அச்சிட்டால் எங்கள் மாலை நடைக் கட்சிகளுக்கு வேலையே இராது.

மாதிரி எடுப்பதற்கு முன் வீடுகளின் பட்டியல் வேண்டும். நாட்டின் பெரிய ஆய்வுகளில் ஒன்றான ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21இல் 6,36,699 குடும்பங்களைக் கண்டது. ஆனால் ஊர்களைத் தேர்ந்தெடுக்க அது பயன்படுத்தியது 2011 மக்கள்தொகைக் கணக்கைத்தான். அதன் பிறகு காக்கநாட்டில் எழுந்த அடுக்குமாடிகளை எண்ணிப் பாருங்கள்! 2025 ஜூனில் வந்த அரசிதழ் அறிவிப்பின்படி அடுத்த கணக்கெடுப்பின் கணக்கு நாள் 2027 மார்ச் 1. அதில் குடும்பம் என்பது ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள். வாத்துருத்தியில் ஓர் அறையில் எட்டுப் பேர் தங்கி, இரண்டு அடுப்பில் சமைத்தால் அது இரண்டு குடும்பம். அறை பூட்டியிருக்கிறது என்று தாண்டிப் போய்விட்டால் பூஜ்யம். அடுத்து வரும் ஆய்வுகளுக்கெல்லாம் மாதிரி எடுக்கப்போவது அந்தப் பட்டியலிலிருந்துதான். அங்கே தெரிந்தவர்கள் உள்ள அன்பர்கள், கணக்கெடுப்பாளர் வரும் நாளில் அறைக்கு ஒருவராவது இருக்கும்படி முன்கூட்டிச் சொல்லி வையுங்கள்.