அலி காலமா, இந்தக் காலமா?

கேள்வி: முகமது அலி காலத்தோடு ஒப்பிட்டால் இன்றைய குத்துச்சண்டை மட்டமாகிவிட்டதா?

பதில்: வீரர்கள் மட்டமாகவில்லை, சண்டை ஏற்பாடுதான் மட்டம். பழைய தலைமுறைச் சாம்பியன் சுகர் ரே ராபின்சன் ஏறத்தாழ 200 தொழில்முறைச் சண்டைகள் போட்டவர். 19 முறை தோற்றும் அவர் மவுசு குறையவில்லை. இன்று ஒரு தோல்வி வந்தாலே மார்க்கெட் போய்விடும் என்று பயம். மேவெதர், பாக்கியாவ் என்ற இரு நட்சத்திரங்களும் மோத வேண்டும் என்று உலகமே கேட்டது. பல வருடப் பேரத்துக்குப் பிறகு 2015-ல் மேடையேறியபோது இருவருக்குமே 35 வயது தாண்டியிருந்தது. ஆட்டமும் சப்பென்று போனது!

1938-ல் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் ஒரே சமயத்தில் மூன்று எடைப்பிரிவுகளில் சாம்பியன். அப்போது முக்கியமான பிரிவுகளே எட்டுதான். இன்று பொதுவாக 17. ஒவ்வொன்றுக்கும் பட்டம் தர நான்கு பெரிய அமைப்புகள். யார் நிஜச் சாம்பியன் என்று கேட்டால் தீவிர ரசிகரே முழிப்பார்.

அதற்காகப் பழைய 15 ரவுண்டுகளுக்கு ஏங்காதீர்கள். 1982-ல் சாம்பியன் மான்சினியுடன் மோதிய கொரிய வீரர் கிம் டக்-கூ 14-வது ரவுண்டில் விழுந்தார்; சில நாளில் உயிரே போனது. அதன்பின்தான் பட்டப் போட்டிகள் படிப்படியாக 12 ரவுண்டாகக் குறைந்தன. இன்றைய ஆட்டத்தில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால், 2024 மே மாதம் ஹெவிவெயிட் வீரர் உசிக், தன்னைவிட மிக உயரமான ஃபியூரியை வென்ற சண்டையைப் பாருங்கள். ஒன்பதாவது ரவுண்டைத் தவறவிடாதீர்கள்.