ஸ்பிரிங்கை அறுக்காதீர்கள், கணக்குப் போடுங்கள்!

(இறுதியாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் நம் வகுப்பில் எழும் முதல் கேள்வி, "எத்தனை ஹெச்.பி. மச்சான்?" என்பதுதான். இன்ஜின் எவ்வளவு சக்தி கொடுத்தாலும், அதைத் தரையில் இறக்குவது நான்கு டயர்கள். ஒவ்வொரு டயரும் ஏறக்குறைய உள்ளங்கை அளவுக்குத்தான் தரையைத் தொடுகிறது. அந்தத் தொடர்பு விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது சஸ்பென்ஷன். கம்பெனி கொடுத்ததைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிப் போடும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும், எப்படி அட்ஜஸ்ட் செய்ய வேண்டும் என்பதை நம் பாடத்தை வைத்தே பார்ப்போம்.

உதாரணத்துக்கு மாஸ்டா எம்.எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்கிறேன். 1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான இரண்டு சீட் கார் இது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் தயாரானது. முதல் தலைமுறைக் காரின் எடை சுமார் 950 கி.கி.தான். பின் சக்கர இயக்கம், நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன். வார இறுதிப் பந்தயக்காரர்களுக்கு மிகவும் பிடித்த வண்டி.

1. ஸ்பிரிங்

70 கி.கி. டிரைவரையும் சேர்த்தால் மொத்தம் 1020 கி.கி. சமமாகப் பங்கிட்டால் ஒரு மூலைக்கு 255 கி.கி. சக்கரம், பிரேக், ஹப் ஆகியவற்றுக்கு 30 கி.கி. கழித்தால் ஸ்பிரிங் தாங்குவது 225 கி.கி.

ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேர் மேலே இல்லை, சற்று உள்ளே தள்ளி விஷ்போன் மேல் இருக்கிறது. சக்கரம் 10 மி.மீ. ஏறினால் ஸ்பிரிங் 7 மி.மீ. மட்டும் அமுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 0.7. சக்கரத்தில் கிடைக்கும் கடினம் காண இதன் வர்க்கத்தால், அதாவது 0.49-ஆல், பெருக்க வேண்டும். மி.மீ.க்கு 40 நியூட்டன் ஸ்பிரிங் போட்டால் சக்கரத்தில் கிடைப்பது சுமார் 20 நியூட்டன்தான். கேட்லாக்கில் இருக்கும் எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது என்பது இதனால்தான்.

இனி அதிர்வெண். கடினத்தை நிறையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 6.28-ஆல் வகுத்தால் சுமார் 1.5 ஹெர்ட்ஸ் வருகிறது. சாதாரணக் கார்கள் 1 முதல் 1.5 வரை, சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்கள் 1.5 முதல் 2 வரை. பந்தயத்துக்கு மட்டும் என்றால் 2-க்கு மேல் போகலாம். ஸ்பிரிங்கை இரண்டு மடங்கு கடினமாக்கினால் அதிர்வெண் 1.4 மடங்கு, அதாவது 2.1 ஹெர்ட்ஸ் ஆகும். குண்டும் குழியுமான ரோட்டில் அந்த வண்டி குதிக்கும். குதிக்கும் டயருக்கு ஏது பிடிப்பு?

2. ஷாக் அப்சார்பர்

ஸ்பிரிங் சக்தியைச் சேமித்துத் திருப்பிக் கொடுக்கும். ஷாக் அப்சார்பர் அதை எண்ணெயில் வெப்பமாக்கிக் கரைக்கும். எவ்வளவு தடை தேவை என்பது கடினத்தின் வர்க்கமூலத்தோடு ஏறுகிறது. ஸ்பிரிங் இரண்டு மடங்கானால் தடையும் 1.4 மடங்கு வேண்டும். பழைய ஷாக்கோடு புது ஸ்பிரிங் மட்டும் மாட்டினால், ஒரு மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் வண்டி ஆடிக்கொண்டே இருக்கும். ஆகவே இரண்டையும் ஜோடியாக வாங்குவதே உத்தமம். உயரத்தை மாற்றும் வசதியுள்ள காயில்-ஓவர் செட் விலை அதிகம். பந்தயத் தடத்துக்கு அடிக்கடி போகாதவருக்கு அது அவசியமில்லை.

3. ஆன்டி-ரோல் பார்

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் படித்த முறுக்கம் நினைவிருக்கிறதா? கெட்டிக் கம்பியின் கடினம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 20 மி.மீ. பாரை 22 மி.மீ. ஆக்கினால் 46 சதவீதம் கடினம் கூடிவிடும். வெறும் 2 மி.மீ.தானே என்று நினைக்கிறவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

வளைவில் மூக்கு வெளியே தள்ளிப் போகிறதா? முன் பாரைக் குறைக்கலாம், அல்லது பின் பாரைக் கூட்டலாம். வால் சுற்றுகிறதா? அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். பின் சக்கர இயக்கக் காரில் பின் பாரைக் கூட்டும்போது மட்டும் நிதானம் தேவை. மழையில் வால் சுற்றினால் சமாளிக்க எல்லோருக்கும் வராது.

4. அறுத்த ஸ்பிரிங்

வண்டி தாழ்வாக இருந்தால் பார்க்க கெத்துதான். அதற்காக கேஸ் கட்டிங்கில் ஒரு சுற்றை அறுக்கிறார்கள். பயிற்சிக்குப் போன ஒரு பட்டறையில் அப்படி ஒரு காரைப் பார்த்தேன். ஸ்பீடு பிரேக்கர் தாண்டும்போது ஸ்பிரிங் சீட்டை விட்டு விலகி, டயரின் உள்பக்கத்தை உரசிக் கிழித்திருந்தது. ஓட்டி வந்த பையன் பிழைத்தது அவன் மெதுவாக வந்ததால்.

காரணம் மூன்று. வெப்பத்தில் ஸ்பிரிங்கின் டெம்பர் போய்விடுகிறது. சீட்டில் சரியாக உட்காரும் முனை போய்விடுகிறது. நீளம் குறைவதால், சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் லூசாகிவிடுகிறது. தாழ்த்துவதானால் அதற்கென்றே செய்த ஸ்பிரிங் வாங்குங்கள். 25 மி.மீ. தாழ்த்தினாலே பம்ப் ஸ்டாப்புக்கு மிச்சம் எவ்வளவு இடம் என்று அளந்து பாருங்கள். பம்ப் ஸ்டாப் இடித்துவிட்டால் ஸ்பிரிங் இருந்தும் இல்லாத கதைதான்.

5. மாட்டும்போது

ஸ்பிரிங் கம்ப்ரெஸர் போட்டு இறுக்காமல் மேல் நட்டைக் கழற்றவே கூடாது. அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. இன்னொன்று: ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று எடை ஏறிய பிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

6. அட்ஜஸ்ட்மென்ட்

வரிசை முக்கியம்: டயர் காற்று, உயரம், மூலை எடை, வீல் அலைன்மென்ட், கடைசியாக ஷாக்.

மூலை எடை பார்க்க சமதளத்தில் நான்கு தராசு வேண்டும். டிரைவர் உட்கார்ந்திருக்க வேண்டும், ஆன்டி-ரோல் பார் லிங்க்கைக் கழற்றி வைக்க வேண்டும். முன் இடது 260, முன் வலது 250, பின் இடது 245, பின் வலது 265 என்று வந்தால், முன் இடதும் பின் வலதும் சேர்ந்து 525. மற்ற மூலைவிட்டம் 495 மட்டுமே. இரண்டும் 510-ஐ நெருங்க வேண்டும். முன் வலது வளையத்தைக் கொஞ்சம் ஏற்றினால் அந்த மூலையிலும் அதன் எதிர் மூலையிலும் எடை கூடும். ஒரு சுற்று திருப்பி மறுபடி எடை பாருங்கள். வளையத்தை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று பலர் சொல்வார்கள். சாதாரண நேர்கோட்டு ஸ்பிரிங்கில் மாறுவது உயரம்தான், கடினம் அப்படியே இருக்கும்.

உயரம் மாறினால் கேம்பரும் டோவும் மாறும். அதனால் அலைன்மென்ட் அதற்குப் பிறகுதான்.

ஷாக்கில் திருகை முழு இறுக்கத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பின்னோக்கிக் கிளிக் எண்ணுங்கள். ரீபவுண்ட் குறைந்தால் மேட்டுக்குப் பிறகு வண்டி மிதக்கும். அதிகமானால் அடுத்தடுத்த மேடுகளில் சக்கரம் கீழே வர நேரமின்றி வண்டி படிப்படியாகப் பதிந்துவிடும். ஒரே ரோடு, ஒரே வேகம், ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

எல்லை தெரிய ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி போன்ற பந்தயத் தடங்கள் இருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலை அதற்கு இடமில்லை. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

நண்பர்களே, நாளை நம்மிடம் வரும் கஸ்டமர் "கொஞ்சம் தாழ்த்திக் கொடுங்க தம்பி" என்பார். கட்டிங் டார்ச்சை எடுப்பதா, கால்குலேட்டரை எடுப்பதா என்பது நம் கையில். மூன்று வருடம் படித்த படிப்புக்கு அங்கேதான் மதிப்பு. அவருடைய பிள்ளைகளும் அந்த வண்டியில்தான் உட்காரப் போகிறார்கள்.