சாஃப்ட்வேரை இலவசமாகக் கொடுக்கும் கம்பெனியில் ஈசாப் வாங்கலாமா?

"சம்பளத்துல ரெண்டு லட்சம் கம்மி, ஆனா ஈசாப் பங்கு தர்றாங்க. கம்பெனி இப்பதான் ஓப்பன் சோர்ஸுக்கு மாறியிருக்கு. சேரலாமா?" நம்ம சேனல் பார்க்கும் ஒரு தம்பி கேட்டது. இலவசமாகக் கொடுத்தால் லாபம் எங்கிருந்து வரும் என்பது அவர் பயம்.

மைக்ரோசாஃப்ட்டைப் பாருங்க. ஒரு காலத்தில் லினக்ஸைப் பகையாளியாகப் பார்த்த கம்பெனி. 2014-இல் டாட்நெட் நிரலைத் திறந்துவிடப்போவதாக அறிவித்தது. 2018-இல் கிட்ஹப்பையே 750 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. தர்மம் இல்லைங்க. கருவி இலவசம், அதில் எழுதியதை அஸூர் சர்வரில் ஓட்டினால் மணிக்கணக்கில் பில். ஒரே தடவை வரும் லைசென்ஸ் காசு போய், மாசாமாசம் வாடகை.

இந்த மாற்றத்தில் கணக்கு கொஞ்சம் ஏமாற்றும். ஒரு வருஷச் சந்தா 12 லட்சத்தை ஜனவரியில் மொத்தமா வாங்கினாலும், மார்ச் கணக்கில் 3 லட்சம்தான் வருமானம். மீதி 9 லட்சம் பேலன்ஸ் ஷீட்டில் பொறுப்புகள் பக்கம் உட்கார்ந்திருக்கும். அதனால் ஆரம்பத்தில் விற்பனை படுத்த மாதிரி தெரியும். அந்த முன்பணம் வருஷா வருஷம் கூடுதா? நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

உண்மையான ஆபத்து வேறு. எலாஸ்டிக் கம்பெனியின் எலாஸ்டிக்சர்ச்சை அமேசான் 2015 முதல் தன் கிளவுடில் சேவையாக விற்றது. லைசென்ஸ் அனுமதித்ததுதான். 2021-இல் எலாஸ்டிக் லைசென்ஸை இறுக்க, அமேசான் பழைய நிரலை எடுத்து ஓப்பன்சர்ச் என்று தனியாகக் கிளம்பிவிட்டது. 2024-இல் எலாஸ்டிக் மறுபடியும் ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸைச் சேர்த்துக்கொண்டது.

இன்டர்வியூவில் டவுன்லோடு எண்ணிக்கையைப் பெருமையாச் சொல்வாங்க. நீங்க கேட்க வேண்டியது: காசு கட்டுறவங்க எத்தனை பேர்? போன வருஷம் கட்டினவங்க இந்த வருஷமும் கட்டினாங்களா? இதே நிரலை ஒரு பெரிய கிளவுட் கம்பெனி விற்றால் என்ன செய்வீங்க? பதில் மழுப்பலா வந்தா, ஈசாப்பைப் பூஜ்யம்னு வச்சு சம்பளத்தை மட்டும் பாருங்க.

இன்னொன்னு, வரி. ஈசாப்பைப் பங்காக மாற்றும்போது, அன்றைய மதிப்புக்கும் நீங்க கட்டிய விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பள வருமானமாகிடும். லிஸ்ட் ஆகாத கம்பெனின்னா பங்கை விற்பது கஷ்டம், வரி மட்டும் கைக்காசிலிருந்து போகும். தகுதியுள்ள சில ஸ்டார்ட்அப்களுக்கு இந்த வரியைத் தள்ளிப்போடும் சலுகை உண்டு. உங்க கம்பெனி அதில் வருதான்னு ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியே எச்ஆர்கிட்ட மெயிலில் கேட்டு வாங்கிடுங்க.