விலைக்கு வந்த வீடும் அதிலுள்ள துப்பாக்கியும்

ஆனி பிறந்து, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கி, பேரருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டால், குற்றாலத்திலும் இலஞ்சியிலும் மேலகரத்திலும் விலைக்கு வந்திருக்கும் வீடுகளுக்கு ஒரு யோகம் பிறந்துவிடுகிறது. அருவியில் குளிக்க வந்தவர்கள், குளித்த சுகம் மாறுமுன்பே, இந்த ஊரில் நமக்கென்று ஒரு வீடு இருந்தால் என்ன என்ற எண்ணம் தோன்றித் தரகரோடு புறப்பட்டுவிடுகிறார்கள். அப்படிப் புறப்படுகிறவர் தனியாக வருவதில்லை. மனைவி மக்களும், விலை பேசத் தெரிந்த மைத்துனரும், வாஸ்து பார்க்கிற ஒருவரும், சாரலுக்காக உடன் வந்த சிநேகிதர் குடும்பமும் சேர்ந்தே வருகிறார்கள். பூஜை அறையைத் திறந்து பார்ப்பார்கள். பரணில் ஏறிப் பார்ப்பார்கள். சுவர் அலமாரியில் ஈரம் கோத்திருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பார்ப்பார்கள். பணம் கொடுத்து வாங்கப் போகிறவர்களுக்கு அந்த உரிமை உண்டு; அதை நாமே மனமுவந்து கொடுத்திருக்கிறோம். ஆனால் அந்த வீட்டில் உரிமம் பெற்ற துப்பாக்கி ஒன்று இருக்குமானால், அந்த நாட்களில் அதை எங்கே வைப்பது என்பதையும் வீட்டுக்காரர் முன்கூட்டியே யோசித்தாக வேண்டும்.

மலையடிவாரமாகிய இப்பிரதேசத்தில் துப்பாக்கி அத்தனை அபூர்வமான வஸ்து அன்று. காட்டுப்பன்றியை விரட்டிப் பயிரைக் காப்பதற்கென்று உரிமம் வாங்கிய விவசாயிகள் உண்டு. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, வங்கி வாசலில் காவல் நிற்பதற்காகத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முடிவு கட்டுவதற்கு முந்திய காலத்தில் பாட்டனார் வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கியை, தோட்டா ஒன்றும் இல்லாமலே, குடும்பக் கௌரவத்துக்காக உரிமம் புதுப்பித்து வைத்திருப்பவர்களும் உண்டு. ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம் இரண்டாகக் குறைத்தது; அதே திருத்தம் உரிமத்தின் ஆயுளை மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாக நீட்டியது.

சாதாரண நாட்களில் துப்பாக்கியை நாம் பூட்டி வைப்பது திருடனுக்கு அஞ்சி. திருடன் இரவில் வருகிறான், அவசரத்தில் இருக்கிறான், அவனுக்கு எதிராகப் பூட்டின் பலம் ஒன்றே போதும். வீடு பார்க்க வருகிறவரோ பகலில் வருகிறார், சாவகாசமாகச் சுற்றுகிறார், பூட்டிய இடத்தைக் கண்டால் ‘இதைத் திறங்கள்’ என்று நியாயமாகவே கேட்கிறார். ஆகவே எந்தப் பூட்டு வலியது என்பதை விட, வீடு காட்டும் வேளையில் சாவி யார் கையில் இருக்கிறது, அந்த மனிதர் எந்த அறையில் நிற்கிறார் என்பவையே முக்கியமான கேள்விகள். கீழ்க்காணும் வழிகளையெல்லாம் நான் இந்த அளவுகோலைக் கொண்டே தரம் பிரிக்கிறேன்.

முதலில், தள்ள வேண்டியவற்றைத் தள்ளிவிடலாம். கூடத்துச் சுவரிலே மான் கொம்புக்குக் கீழே துப்பாக்கியை மாட்டி வைப்பது பழைய பங்களாக்களின் சம்பிரதாயம். விளம்பரத்துக்காகத் தரகர் கைப்பேசியில் எடுக்கும் படத்தில் அது விழுந்து, முன்பின் அறியாதவர்களின் கைகளுக்கெல்லாம் போய்விடும் என்பதால், படம் எடுக்கு முன்பே அதை இறக்கிவிட வேண்டும். (அந்த மான் கொம்புக்கும் ஒரு வார்த்தை: உடைமைச் சான்றிதழ் இருந்தாலும் அதை விற்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை; ‘சுவரில் இருப்பது சுவரோடு சேர்த்தி’ என்று வீட்டோடு விலை பேசிவிடக் கூடாது.) காரின் பின்பெட்டியில் வைத்துக்கொண்டு, வந்தவர்கள் போகும் வரை தெருவில் நிறுத்தி வைக்கலாம் என்பது அடுத்த யோசனை, சாரல் காலத்துக் குற்றாலத்தில் காரை நிறுத்த இடம் கிடைப்பதே துர்லபம், நிறுத்திய காருக்குக் காவல் கிடைப்பது அதனினும் துர்லபம். வங்கி லாக்கர் ஞாபகத்துக்கு வரலாம். நகைக்கு உகந்த இடம் ஆயுதத்துக்கு உகந்தது அன்று, லாக்கர் ஒப்பந்தமே அதை விலக்குகிறது.

பலரும் செய்கிற தவறு, ‘பத்து நாளைக்குத் தென்காசியில் மச்சான் வீட்டில் இருக்கட்டுமே’ என்பது. நம்பிக்கையானவர், நெருங்கிய சொந்தம், பூட்டும் சாவியும் உள்ள வீடு, எல்லாம் சரிதான். ஆனால் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் உரிமத்தை வீட்டுக்குத் தருவதில்லை, மனிதருக்குத் தருகிறது. பழுது பார்க்கவோ உரிமம் புதுப்பிக்கவோ, உரிமதாரர் உடனிருக்கும்போது அல்லது அவருடைய எழுத்து மூலமான அதிகாரத்தின் பேரில், மற்றொருவர் துப்பாக்கியைக் கொண்டு செல்லலாம் என்று அது இடம் கொடுக்கிறதே தவிர, பத்து நாள் அடைக்கலம் வைத்துக்கொள்ள அனுமதிப்பதில்லை. உபகாரம் செய்த மச்சான் உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்தவராகிச் சிறைத் தண்டனைக்குரிய குற்றத்தில் சிக்கிக்கொள்வார். கல்யாண வீட்டில் அதன் பிறகு அவர் முகத்தில் எப்படி விழிப்பது? தரகரிடமும், வாசலில் இருக்கும் காவல்காரரிடமும் ஒப்படைப்பதற்கும் இதே ஆட்சேபம் உண்டு.

எஞ்சுபவை மூன்றே: வீட்டிலேயே பெட்டகத்தில் வைப்பது, காவல் நிலையத்தில் ஒப்படைப்பது, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் பாதுகாப்புக்கு விடுவது.

வீட்டில் வைப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், பெரும்பாலோர் தேர்ந்துகொள்வது அதுவே ஆகையால். துணிமணி வைக்கும் இரும்பு பீரோ போதாது. அதன் உள்ளறை நன்றாகப் பூட்டக்கூடியதுதான், ஆனால் இரண்டரை அடி நீளமுள்ள குழல் அதற்குள் நுழையாது. வெளிக்கதவின் பூட்டோ, அந்த வீட்டுச் சாவிக்கொத்தைப் பார்த்தவர்கள் எவரும் திறக்கக்கூடியது. தரையோடும் சுவரோடும் போல்ட் போட்டு முடுக்கிய தனிப் பெட்டகமே உத்தமம். ஆயினும் வீடு விற்கிறவருக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு: முடுக்கி வைத்த பெட்டகத்தைக் கண்டவுடன் வாங்குகிறவர், ‘இது வீட்டோடு வருமா, உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது?’ என்று கேட்பார். அதற்கு ‘வராது, என் சொந்தச் சாமான் இருக்கிறது’ என்ற பதிலை முன்பே தயாராக வைத்திருப்பவர்தான் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம். தாட்சண்யத்துக்காகத் திறந்து காட்டுகிறவருக்கு இது ஆகாது.

பெட்டகம் இருந்தாலும், துப்பாக்கியை முழு உருவில் வைக்க வேண்டிய அவசியமில்லை. இரட்டைக் குழல் துப்பாக்கியைக் குழல், முன்கட்டை, விசையோடு கூடிய பின்கட்டை என்று மூன்றாகக் கழற்றலாம். பின்கட்டை பெட்டகத்திலும், குழல் பூட்டிய வேறோர் இடத்திலும், தோட்டாக்கள் பீரோவின் உள்ளறையிலும் இருந்தால், ஒரு பூட்டு தவறிப்போனாலும் எவர் கையிலும் ஆயுதம் அகப்படாது. இரும்புத் துண்டு ஒன்றே அகப்படும். 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகள் பத்திரமாக வைப்பது குறித்து உரிமம் கேட்பவரிடம் உறுதிமொழி வாங்குவதும், ஆயுதம் அந்நியர் கைக்கு எட்டாதிருக்க வேண்டும் என்ற இந்தக் கருத்தைக் கொண்டுதான். ரிவால்வருக்கு இந்த உபாயம் செல்லாது. அது கைக்குள் அடங்குவது. ஒரு நிமிஷ அசிரத்தையில் மாயமாகிவிடும். பத்து வயதுப் பையன் அதை விளையாட்டுச் சாமான் என்று எண்ணிவிடுவான். ரிவால்வர் உள்ள வீட்டைக் காட்டுவதானால் அது வீட்டிலேயே இராமல் இருப்பதே நல்லது என்பது என்னுடைய அபிப்பிராயம்.

குற்றாலத்துக்கே பிரத்தியேகமான ஒரு விஷயத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். சாரல் மாதங்களில் இந்த ஊர்க் காற்றே ஈரம். வீடு விற்பதற்காக மூடி வைத்த அறையில், தோல் உறைக்குள் போட்டு வைத்த துப்பாக்கி, தோல் உறிஞ்சிய ஈரத்தாலேயே துருப்பிடித்துவிடும். உறையை நீக்கி, குழலின் உள்ளும் புறமும் எண்ணெய் பூசி, பெட்டகத்துக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, வாரத்துக்கு ஒரு தரம் எடுத்துத் துடைக்க வேண்டும். மின்கலத்தால் இயங்கும் எண் பூட்டை விட, சாவியால் திறக்கும் பூட்டே இந்த ஈரத்துக்குத் தாங்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தச் சாவி வாசல் சாவியோடு ஒரே வளையத்தில் தொங்கக் கூடாது, ஏனென்றால் வாசல் சாவி தரகர் கைக்குப் போகிற சாவி.

காவல் நிலையத்தில் ஒப்படைப்பது உரிமதாரர்களுக்குப் புதிய அனுபவம் அல்ல. தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்குவதும், தேர்தல் முடிந்தபின் ரசீதைக் காட்டித் திரும்பப் பெறுவதும் அவர்களுக்குப் பழக்கம்தான். செலவு குறைவு, சட்டத்தின் கண்ணில் ஐயத்துக்கு இடமில்லை. குறை என்னவென்றால், அங்கே அது பத்திரமாக இருக்குமே தவிரப் பராமரிக்கப்படுவதில்லை. எண்ணெய் பூசிக் கொடுத்தது, மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். சாரல் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதில் மூழ்கியிருக்கும் நிலையத்தில், நமது காகித வேலைக்கு ஓர் அதிகாரி ஓய்வாக அகப்படுவதும் கஷ்டம். ஆகவே கூட்டம் தொடங்குமுன் வைகாசியிலேயே போய் விசாரிப்பது விவேகம். ரசீதில் துப்பாக்கியின் தயாரிப்பு, அதன் எண், தோட்டாக்களின் எண்ணிக்கை ஆகியவை பதிவாகியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே படியிறங்க வேண்டும்.

வியாபாரியிடம் விடுவதில் கட்டணம் உண்டு. ஆனால் துடைப்பதும் எண்ணெய் போடுவதும் அவருக்குத் தொழில். அவரிடம் பெட்டகமும் பதிவேடும் இருக்கின்றன. பாதுகாப்புக்கு வாங்கி வைக்கும் அதிகாரம் அவருடைய உரிமத்தில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் கேட்டுப் பார்த்துவிட வேண்டும். அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. வெளியூர்க் கடையானால் ஒரு நாள் பிரயாணம் பிடிக்கும். தோட்டா இல்லாமல், உறையில் இட்டு, உரிமப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். இவ்விரு இடங்களில் எங்கே விட்டாலும் உரிமத்தின் காலம் ஓடிக்கொண்டே இருக்கும். துப்பாக்கி தம்மிடம் இல்லையே என்று புதுப்பிக்கும் தேதியை மறந்துவிட்டவர், வீட்டை விற்றுவிட்டுத் துப்பாக்கியைத் திரும்பக் கேட்கும்போது சங்கடப்படுவார்.

இம்மூன்றில் எதைத் தேர்வது? உரிமதாரர் வீட்டிலேயே குடியிருந்து, முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகிறவர்களுக்கு மட்டும் தாமே கூட நின்று காட்டுகிறவரானால், பெட்டகமும் மூன்றாகக் கழற்றுவதும் போதும். ஒரு நிபந்தனை, பெட்டகம் உள்ள அறையில் அவரோ, அவர் மனைவியோ, வந்தவர்கள் வெளியேறும் வரை நிற்க வேண்டும். வீடு பூட்டிக் கிடந்து, சாவி தரகரிடமோ அடுத்த வீட்டிலோ இருக்குமானால், பெட்டகம் எத்தனை கனமானதாயிருந்தாலும் அதை நம்பலாகாது, வியாபாரியே சிலாக்கியம். விற்பனை ஓரிரு வாரத்தில் முடிந்துவிடும் என்ற நிச்சயமும், பக்கத்தில் வியாபாரி இல்லாத குறையும் சேர்ந்தால் காவல் நிலையம். விற்றுவிட்டுப் பிள்ளையிடம் சென்னையிலோ வெளிநாட்டிலோ போய்த் தங்கப் போகிறவர், எங்கே வைப்பது என்ற கேள்வியையே விட்டு, துப்பாக்கியை வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமா என்று யோசிப்பது நலம். எழுபது வயது நிரம்பியவரோ, இருபத்தைந்து வருஷம் வைத்திருந்தவரோ தம் சட்டபூர்வ வாரிசுக்கு அதை மாற்றிக் கொடுக்க 2016 விதிகள் வழி வைத்திருக்கின்றன. வேறொரு உரிமதாரருக்கு விற்பதானால் அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் தெரிவித்து நாற்பத்தைந்து நாள் காத்திருக்க வேண்டும் என்பதால், வீட்டுக்கு முன்பணம் வாங்குமுன்பே அந்தக் கடிதத்தை அனுப்பிவிடுவது உத்தமம்.

இதுவரை சொன்னதெல்லாம் உரிமதாரர் உயிரோடு இருக்கும் வீட்டுக்கு. இந்தப் பக்கத்தில் விலைக்கு வருகிற பழைய வீடுகளில் பல, தந்தையார் காலமானபின், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விற்கிற வீடுகள். சாமான்களை ஒழிக்கும்போது பரணிலோ கட்டிலுக்கடியிலோ துப்பாக்கி தென்படுகிறது. அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் தேர்வு அவர்களுக்கு இல்லை. தந்தையாரின் உரிமம் அவரோடு முடிந்துவிட்டது. ஆயுதச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி, காலதாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற வியாபாரியிடமோ அதை ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். வாரிசு தம் பேரில் உரிமம் பெற்றால் திரும்பப் பெறலாம். உரிமை உள்ளவருக்கு விற்கவும் செய்யலாம். குறிப்பிட்ட காலத்துக்குள் இரண்டும் செய்யாவிட்டால் அது அரசாங்கத்தின் சொத்தாகிவிடும். வீடு பார்க்க முதல் ஆள் வருமுன் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். ஒப்படைக்கப் போகும்போது குழலுக்குள் பழைய தோட்டா இருக்கிறதா என்று தாமே சோதிக்கத் துணியாமல், இருக்கிற இடத்திலேயே விட்டுக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்வது, துப்பாக்கி பழக்கமில்லாத பிள்ளைகளுக்கு நல்லது.

துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருந்தால், வீடு காட்டி முடிந்த ஒவ்வொரு மாலையும் பூட்டைத் திறந்து, மூன்று பாகமும் தோட்டாக் கணக்கும் சரியா என்று பார்த்துவிட வேண்டும். காணவில்லையென்றால், வந்தவர்களை நினைத்து நாலு நாள் யோசித்துக்கொண்டிராமல் அன்றே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். காணாமற்போனதை உடனே தெரிவிப்பது உரிமத்தின் நிபந்தனை; அந்த நிபந்தனையை மீறுவது ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்கது. கிரயம் பதிவாகி, வீடு கைமாறியபின்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானது முதல் இங்கே உரிமம் வழங்கும் அதிகாரம் தென்காசி ஆட்சியரைச் சேர்ந்தது; பழைய உரிமப் புத்தகத்தில் திருநெல்வேலி முத்திரை இருந்தாலும் விலாச மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டியது இங்கேதான். வேறு மாவட்டத்துக்குப் போகிறவர் அங்குள்ள அதிகாரிக்கும் முப்பது நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வீட்டை வாங்கி இங்கே குடிவருகிறவரிடமும் துப்பாக்கி இருக்குமானால், இந்த மலைக்காடுகளைச் சேர்த்து நெல்லை வனவிலங்கு சரணாலயம் 2015-இல் அறிவிக்கப்பட்டிருப்பதால், அதன் எல்லையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் உரிமதாரர்கள் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற விதியை, சாவியைக் கொடுக்கும்போது விற்றவரே அவருக்குச் சொல்லிவிடலாம்.