அளந்து பார்த்தோம், பழி நீங்கியது

ஆசிரியர் பணியில் நான் செய்த ஒரு தவறிலிருந்து பிறந்தது இந்தப் பாடம். தோவாளை வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன்; கணினி ஆய்வகப் பொறுப்பும் என்னுடையதே.

ஒருநாள் ஒன்பதாம் வகுப்பு இணையவழி வினாடி வினாவில் ஒரு பக்கமும் திறக்கவில்லை. வழக்கமாகப் பாட்டுக் கேட்கும் மாணவன் மீது சந்தேகப்பட்டு, எல்லோர் முன்னும் கடிந்துகொண்டேன். "நான் ஒண்ணும் பாக்கல சார்" என்றவன் தலைகுனிந்து நின்றான். அவன் முகம் மனதை உறுத்தியது. அளந்து பார்க்கலாம் என்று தோன்றியது.

எங்கே அளப்பது?

எங்கள் சர்வரில் ஓடுவது யூனிக்ஸ் போன்ற லினக்ஸ். அதில் 'ப்ராக்' அடைவுக்குள், 'நெட்' என்ற உள்ளடைவில், 'டெவ்' என்றொரு கோப்பு உண்டு. ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் ஒரு வரி. பெயரை அடுத்த முதல் எண், வந்த பைட்டுகள். ஒன்பதாவது எண், அனுப்பிய பைட்டுகள். 'லோ' என்ற வரி சர்வர் தனக்குள் பேசிக்கொள்வது, அதை விட்டுவிடலாம்.

இது வீட்டு மின்மீட்டர் போன்றது. சர்வரை இயக்கிய நேரத்திலிருந்து எண் ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு எண்ணை மட்டும் பார்த்துப் பயனில்லை. இரண்டு முறை குறித்துக் கழிக்க வேண்டும்.

மாணவர் செயல்பாடு

சர்வரில் இரண்டு கார்டுகள்: ஒன்று இணையத்தை நோக்கி, மற்றது ஆய்வகத்தை நோக்கி. மாணவர்கள் 60 வினாடி இடைவெளியில் குறித்தார்கள். எளிமைக்காக எண்களை முழுமையாக்கித் தருகிறேன்.

இணையக் கார்டில் வந்தது: 3,12,40,00,000, பின்னர் 3,19,15,00,000. வித்தியாசம் 6,75,00,000 பைட்டுகள். ஒரு பைட்டுக்கு 8 பிட்டுகள். எனவே 54,00,00,000 பிட்டுகள். 60ஆல் வகுத்தால் வினாடிக்கு 90,00,000 பிட்டுகள், அதாவது 9 மெகாபிட். எங்கள் இணைப்போ 10 மெகாபிட்தான்!

ஆய்வகக் கார்டில் அனுப்பியது: வித்தியாசம் 15,00,000 பைட்டுகள். அதே கணக்கில் வினாடிக்கு 0.2 மெகாபிட் மட்டுமே.

"தோவாளைச் சானல்ல இருந்து குளத்துக்கு நிறைய தண்ணி வருது, மடை வழியா வயலுக்குப் போகலன்னா தண்ணி எங்க நிக்கும்?" என்று கேட்டேன். "குளத்துலதான் சார்!" என்றார்கள். மாணவர்கள் படம் பார்த்திருந்தால் அந்த அளவு ஆய்வகக் கார்டு வழியே போயிருக்க வேண்டும். போகவில்லை. இழுத்துக்கொண்டிருந்தது சர்வரே.

சர்வரில் ஓடும் பணிகளைப் பார்த்தேன். இயங்குதளப் புதுப்பிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பள்ளி நேரத்தில் இறங்கும்படி அமைத்தவன் நானே! இரவு நேரத்துக்கு மாற்றினேன். மறுநாள் அதே வகுப்பில், எல்லோர் முன்னும் அந்த மாணவனிடம் வருத்தம் தெரிவித்தேன்.

கவனிக்க வேண்டியவை

• சர்வரை மறுதொடக்கம் செய்தால் எண் சுழியத்திலிருந்து தொடங்கும். இடையில் அணைக்கக் கூடாது.
• கோப்பு தருவது பைட். இணைப்பின் வேகம் சொல்லப்படுவது பிட்டில். 8ஆல் பெருக்க மறப்பதே மாணவர்கள் செய்யும் பொதுவான பிழை.
• நாள்வாரி, மாதவாரிக் கணக்குக்கு 'விஎன்ஸ்டாட்' என்ற கட்டற்ற மென்பொருளை நிறுவலாம்.

கழித்தல், அலகு மாற்றம், வீதம் ஆகிய மூன்றும் ஒரே பாடவேளையில் அமைகின்றன. அளக்காமல் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது என்பதை மாணவர்களோடு நானும் கற்றேன். உங்கள் ஆய்வகத்திலும் செய்து பாருங்கள்.